நூற்று முப்பத்தொரு நீல உறைகள்

நீல உறையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் எப்படியாவது சுற்றி வளைத்து வேறு மாதிரி ஆக்கிவிடுவேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. எங்கள் ஊரான ஸாயெச்சாரில், நான் வேலை செய்யும் கார் சர்வீஸ் நிலையத்தின் அலுவலக அறையில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. வெள்ளை உறைப் பெட்டியில் நாற்பதுதான் மிச்சம். நீல உறைப் பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது. அனுப்ப வேண்டிய பதிவுத் தபால்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. வெள்ளை உறைக்கு எழுதிக் கேட்டால் வந்துசேர நான்கு நாள் ஆகும். நீல உறை என்றால் நீதிமன்றம், வரி, அபராதம் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் எடுத்தேன். நீலத்தைப் பார்த்தால் யாரும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். தபால்காரர் கையில் நீலம் தெரிந்தால் என் அம்மாவே திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அல்லது வந்தும் நான் அதைத் தள்ளிவிட்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் நிறுவனத்தின் ரோடா என்ற சிறிய காரில், பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாயை ஒரு தகட்டுக் கிளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளிப்பின் விளிம்பு கூர்மையாக இருந்துவிட்டது. ஐந்தாறு வருட ஓட்டத்தில் அது குழாயை அரிக்கும். ஒருநாள் குழாய் ஓட்டையாகும். எண்ணெய் ஒழுகிவிடும். மிதித்தால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. கிளிப்பையும் குழாயையும் மாற்ற நாற்பது நிமிடம் போதும். இலவசம்.

தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை ஜூன் முதல் வாரத்தில் எங்களுக்கு வந்தது. ஆனால் அதன் மேல் மூலையில் இருந்த தேதி முந்தைய வருடத்து ஏப்ரல். பதினான்கு மாதம் அது எங்கே இருந்தது என்று மேலாளர் மொமிரிடம் கேட்டேன்.

"மேஜைக்கு மேஜை நடந்து வந்திருக்கும்டா. கால் வலிச்சிருக்கும், உக்காந்து உக்காந்து வந்திருக்கும்" என்றார் மொமிர். எங்கள் ஊரில் வயதானவர்கள் பெண்களையும் 'மகனே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர்.

சுற்றறிக்கையோடு, இருநூற்றுப் பன்னிரண்டு கார்களின் சேசிஸ் எண்ணும் உரிமையாளர் பெயரும் உள்ள பட்டியலும் ஒரு தனித்தாளும் இணைக்கப்பட்டிருந்தன. வாடிக்கையாளருக்கான கடிதத்தில் 'ஆபத்து', 'செயலிழப்பு', 'விபத்து' ஆகிய சொற்களைத் தவிர்க்கவும் என்று தாளில் இருந்தது. பட்டியலில் இல்லாதவர்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம், வீண் பீதி உண்டாகும் என்றும் இருந்தது. கடிதத்தை நான் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். கடைசி வடிவம்: 'தங்கள் வாகனத்தின் பின்புற பிரேக் குழாய்ப் பொருத்தத்தை மேம்படுத்தும் இலவசச் சேவைக்கு, தங்களுக்கு வசதியான நாளில் வருமாறு அன்புடன் அழைக்கிறோம்.' அழகாக வந்திருக்கிறது என்று மொமிர் பாராட்டினார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் மாதம் முடிவதற்குள் நூற்று முப்பத்தொரு உறைகள் திரும்பி வந்துவிட்டன. தபால்காரர் ஸ்லாவ்கோ அவற்றைப் பையோடு என் மேஜையில் கொட்டினார்.

"நெவெனா, உனக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நான் முப்பது வருஷமா தபால் கொடுக்கறேன். இந்த மாசம் மாதிரி யாரும் என்னைப் பாத்து ஓடினதில்ல. ஒருத்தன் ஏணியில நின்னு செர்ரி பறிச்சிட்டிருந்தான். என் கையைப் பாத்தான், ஏணியில இருந்துக்கிட்டே 'நான் இங்க இல்ல'ன்னான்."

எல்லா உறைகளிலும் 'ஏற்க மறுப்பு' என்றோ 'வீட்டில் இல்லை' என்றோ முத்திரை இருந்தது. நான் மொமிரிடம் போய், வெள்ளை உறையில் மறுபடியும் அனுப்பலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? சட்டம் என்ன சொல்லுது? வாங்க மாட்டேன்னு சொன்னா வாங்கின மாதிரிதான். நம்ம வேலை கொடுக்கறது. அவன் வேலை வாங்கறது. பட்டியல்ல 'அறிவிக்கப்பட்டது'ன்னு போட்டு அனுப்பிடு."

போட்டேன். நூற்று முப்பத்தொரு வரிகளிலும் ஒவ்வொன்றாக என் கையால் எழுதினேன். எழுத எழுத அந்தச் சொல் உண்மை மாதிரியே தெரிய ஆரம்பித்தது. திரும்பி வந்த உறைகளை ஒரு பெட்டியில் அடுக்கி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். தூக்கிப் போடவில்லை. எதற்காகப் போடவில்லை என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

இனி ஒப்ராட் பற்றி எழுத வேண்டும்.

திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் நான் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் பதினாறு பேர், பாதிப் பேர் ஆஸ்திரியாவுக்குப் போகப்போகிறவர்கள். ஒப்ராட்டும் அப்படித்தான். ஊரில் விடியற்காலையில் ரொட்டி வண்டி ஓட்டுகிறான். லின்ஸ் நகரில் அவன் மைத்துனன் வேலை செய்யும் கம்பெனியில் லாரி ஓட்டுநராக ஜனவரியில் சேர வேண்டும். அதற்கு இரண்டு காகிதங்கள் வேண்டும்: மொழிச் சான்றிதழ் ஒன்று, கறையில்லாத ஓட்டுநர் உரிமம் ஒன்று. முதலாவது அவனுக்குக் கஷ்டம். இரண்டாவதைப் பற்றி அவன் கவலைப்பட்டதே இல்லை. பதினேழு வருடத்தில் அவன் ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை.

எங்கள் வீடு அவன் போகும் வழியில் இருப்பதால் வகுப்பு முடிந்ததும் என்னை இறக்கிவிடுவான். சாம்பல் நிற ரோடாவில்.

சுற்றறிக்கை வந்த வாரமே எனக்கு அது உறைத்தது. சொல்லக்கூடாது என்று தாளில் இருந்ததால் நேரடியாகச் சொல்லவில்லை. காரில் போகும்போது, "உன் முழுப்பேர் என்ன?" என்று கேட்டேன்.

"ஏன், கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போறியா? எனக்கு ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருக்கா. ஒண்ணையே சமாளிக்க முடியல."

"சும்மாதான் கேட்டேன்."

"ஒப்ராட் மில்கோவிச். தூங்குற நேரத்துல யாராவது கதவைத் தட்டினா, அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு சொல்லிடுவேன்."

மறுநாள் பட்டியலை மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தேன். மில்கோவிச் என்று யாரும் இல்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அடுத்த வகுப்புக்கு அம்மா சுட்ட கிபானிட்சா என்ற பாலாடைக்கட்டி அடையில் ஒரு பெரிய துண்டைத் தாளில் சுற்றி அவனுக்குக் கொண்டுபோனேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றேன்.

பெயரைப் பார்த்தேன். சேசிஸ் எண்ணைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதில்லை. வரியும் வரிசையும் யாருக்கு வேண்டும்? பழைய உரிமையாளர், 'இன்னார் இந்த வண்டியை ஓட்டலாம்' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டுவார்கள். என் அப்பாவின் காரும் அப்படித்தான். கார் சர்வீஸ் நிலையத்தில் வேலை செய்கிறவள் நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சேசிஸ் எண் ரோடாவின் முன்கண்ணாடியின் வலது கீழ்மூலையில், நான் உட்காரும் பக்கம், ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். நான் கதவைத் திறந்து ஏறும்போது என் கைக்கு ஒரு சாண் தூரம். வாரத்துக்கு மூன்று நாள். வேனில் விடுமுறையைக் கழித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பது தடவை அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

அக்டோபர் பதினான்கு, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு, ரொட்டி வேலையை முடித்துவிட்டு, அய்வார் என்ற துவையல் செய்ய மிளகாய் வாங்குவதற்காக ஒப்ராட் சந்தைக்குப் போயிருக்கிறான். சந்தை முனையில் பாதசாரிகள் கடக்கும் கோட்டில் ராதோய்க்கா என்ற பெண் இரண்டு கைகளிலும் மூட்டையோடு கடந்துகொண்டிருந்தார். அவன் மிதித்தான். கைப்பிரேக்கை இழுத்தான். கோட்டைத் தாண்டி ஆறு மீட்டர் போய்த்தான் வண்டி நின்றது. அந்த ஆறு மீட்டருக்குள் ராதோய்க்காவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

அன்று மாலை அவன் வகுப்புக்கு நடந்து வந்தான். பாடம் படிக்க அல்ல, வீட்டில் உட்கார முடியவில்லை என்று வந்தான். தாழ்வாரத்தில் குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னான்.

"மிதி உள்ள போச்சு. போய்க்கிட்டே இருந்துச்சு. சேத்துல கால் வெச்ச மாதிரி."

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"பிரேக் எண்ணெய் கடைசியா எப்ப பாத்தேன்னு கேக்கறான். எனக்கு ஞாபகமே இல்ல நெவெனா. ஊருக்கெல்லாம் ரொட்டி கொண்டுபோற வண்டியை தினம் குனிஞ்சு பாக்கறேன், என் வண்டியைப் பாக்கல. கவனக்குறைவுன்னு எழுதிட்டான். என் தப்புதான். அந்தம்மா மிளகாயெல்லாம் ரோட்டுல உருளுது, அப்பவும் அவங்க என்னைத் திட்டல. 'பொறுக்கு, வண்டி ஏத்திடுவாங்க'ன்னுதான் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்ல."

"லின்ஸ்?"

"உரிமத்தைப் பிடுங்கினா லின்ஸாவது கின்ஸாவது."

வண்டியின் பதிவுக் காகிதத்தைக் காட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். உரிமையாளர்: திஹோமிர் ஜிவிச், ஸ்வெஸ்தான் கிராமம். பதினேழு எழுத்துள்ள சேசிஸ் எண்ணை என் ஜெர்மன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே அந்தப் பெயரை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மற்றவர்கள் வருவதற்கு முன் அலுவலகம் போனேன். பட்டியலில் எண்பத்தேழாவது வரி. 'அறிவிக்கப்பட்டது.' கீழ்த்தட்டுப் பெட்டியில் அந்த உறை இருந்தது. 'ஏற்க மறுப்பு.' அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஸ்வெஸ்தான் போனேன். ஏதோ ஒரு காரணத்தால் தவறு அவருடையதாக இருக்கும் என்று நம்பித்தான் போனேன் என்று நினைக்கிறேன். திஹோமிர் முற்றத்தில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தார். உறையை வெளியே எடுத்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"இதை அப்பவே வேண்டாம்னு சொல்லிட்டேனே. நீங்க யாரு, கோர்ட்டா?"

"இல்ல மாமா. கார் சர்வீஸ்ல இருந்து வரேன். இதை ஏன் வாங்கல?"

"ஏன் வாங்கணும்? காரை ஒப்ராட்டுக்கு வித்து நாலு வருஷம் ஆச்சு. அவன் வேகமா போய் அபராதம் வாங்கினா என் பேருக்குத்தானே வரும்? போன தடவை இப்படி ஒண்ணை வாங்கிட்டு, அது என்னோடதும் இல்ல, அவனோடதும் இல்ல, வேற யாரோடதோன்னு நிரூபிக்க மூணு தடவை நகரத்துக்கு அலைஞ்சேன். இனிமே நீலத்தைக் கண்டா கையைப் பின்னால கட்டிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"இது அபராதம் இல்ல. பிரேக் கெட்டுப்போகும்னு எச்சரிக்கை."

அவர் கையில் இருந்த தூரிகை சொட்டிக்கொண்டே இருந்தது. சந்தை முனையில் நடந்தது கிராமத்துக்கும் எட்டியிருந்தது.

"எச்சரிக்கைன்னா வெளியில எழுத வேண்டாமா பொண்ணே? உறை மேல ஒரு வார்த்தை. 'பிரேக்'னு ஒரு வார்த்தை. நான் ஓடிப்போய் அவன்கிட்ட கொடுத்திருக்க மாட்டேனா?" பிறகு மெதுவாக, "எந்த முட்டாள் இதை நீலத்துல போட்டான்?" என்றார்.

நான்தான் என்று சொல்லவில்லை. அவர் கொடுத்த ராக்கியா என்ற பழச்சாராயத்தைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை மொமிரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உறை எங்க?"

"என்கிட்ட இருக்கு."

"எடுத்த இடத்துல வெச்சிடு. யோசிச்சுப் பாருடா. பட்டியல் தலைமை அலுவலகத்துல இருக்கு. எண்பத்தேழாவது வரியில அறிவிச்சாச்சுன்னு இருக்கு. அது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"அப்ப யாரைப் பிடிப்பாங்க? ஏப்ரல்ல இருந்து தூங்கினவனையா? அவன் பேரே நமக்குத் தெரியாது. உன்னைப் பிடிப்பாங்க. அடுத்து என்னை."

"ஒப்ராட்டைப் பிடிச்சிருக்காங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் எதையோ படிக்க ஆரம்பித்தார். மதிய உணவு நேரத்தில் அவர் வெளியே போனதும் சுற்றறிக்கையையும் தனித்தாளையும் நகல் எடுத்துக்கொண்டேன். முதல் நகல் கோணலாக வந்தது. இரண்டாவது எடுத்தேன்.

அன்று வகுப்புக்குப் போகாமல் நேராக ஒப்ராட் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. படிக்கட்டு முழுவதும் சுட்ட மிளகாய் வாசனை. அவனே கதவைத் திறந்தான். கையில் கறுத்த மிளகாய்த் தோல் ஒட்டியிருந்தது. நீல உறையைப் பார்த்தான்.

"ஒப்ராட் வீட்ல இல்ல" என்றான். சிரிக்க முயன்றான்.

"இது ஜூன்லயே உனக்கு வந்திருக்க வேண்டியது."

அவன் கையை நீட்டவில்லை. உறையை நான்தான் கிழித்தேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து கடிதத்தை வாசித்தேன். அன்புடன் அழைக்கிறோம் என்பதுவரை வாசித்து முடித்தேன். அவன் காத்திருந்தான்.

"ம், அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதுல பிரேக் பிடிக்காதுன்னு எங்க இருக்கு?"

கடிதத்தை மறுபடியும் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"மேம்படுத்தறாங்களாம், வசதியான நாள்ல வரணுமாம்" என்றான். "இது கைக்குக் கிடைச்சிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேனே நெவெனா. இந்த மாதிரி எனக்கு வாரம் மூணு வருது. ஒண்ணு கம்பளம் கழுவறதுக்கு."

மூன்று முறை திருத்தினேன் என்று முன்னே எழுதியிருக்கிறேன். முதல் வடிவத்தில் 'மிதி இறங்கிவிடக்கூடும்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. தாளில் அதற்குத் தடை இல்லை. தடை செய்யப்பட்ட சொல் எதுவும் அதில் இல்லை. நயமாக இல்லை என்று நானாகத்தான் எடுத்தேன்.

கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினேன். 'ரோடா காரின் பின் பிரேக் குழாய் கிளிப்பால் அரிக்கப்பட்டு உடையும். பிரேக் பிடிக்காமல் போகும். மாற்றும்வரை ஓட்டக்கூடாது. நிறுவனத்துக்கு இது சென்ற வருடம் ஏப்ரலிலிருந்து தெரியும். எனக்கு ஜூன் முதல் வாரத்திலிருந்து தெரியும். எண்பத்தேழாவது வரியில் அறிவிக்கப்பட்டது என்று நான் எழுதியது உண்மையல்ல.' பெயரும் தேதியும் எழுதி, இரண்டு நகல்களோடு அவன் முன்னால் வைத்தேன்.

அவன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஜூன் என்ற இடத்தில் விரல் நின்றது.

"அன்னைக்கு என் பேரைக் கேட்டியே. கிபானிட்சா கொண்டுவந்தியே."

"ஆமா."

"பேரைக் கேட்டதுக்கு பதிலா காரைப் பத்திக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

அவன் எழுந்து போய் அடுப்பை அணைத்தான். கையில் ஒட்டியிருந்த தோலைக் கழுவினான்.

"இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?" என்றான்.

"திரும்பி வந்தது நூற்று முப்பத்தொண்ணு. உன்னோடது ஒண்ணு போக நூற்று முப்பது."

"யார் ஓட்டறாங்கன்னு தெரியுமா?"

"பேர் இருக்கு."

"பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டி வண்டி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று யோசிப்பவன் மாதிரி சொன்னான்.

நவம்பர் இருபத்தொன்றாம் தேதி விசாரணை. நீதிபதி, நிறுவனம் அனுப்பிய பட்டியலின் நகலை ஒரு கையிலும், நான் பின்பக்கத்தில் எழுதிய கடிதத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, இதில் எது உங்கள் கையெழுத்து என்று கேட்டார். இரண்டும் என்னுடையதுதான் என்றேன். வண்டியைக் கழற்றிப் பார்க்க ஒரு நிபுணரை அமர்த்தச் சொல்லி, நிறுவனத்துக்கும் அழைப்பாணை அனுப்பச் சொன்னார். அதுவரை ஒப்ராட்டின் உரிமத்தில் கைவைக்கவில்லை. மறுநாள் என் மேஜை காலி செய்யப்பட்டது. மொமிர் என் காபிக் கோப்பையைத் தாளில் சுற்றி அவரே கொண்டுவந்து கொடுத்தார். "உடையாமப் பாத்துக்கடா" என்றார்.

ஒப்ராட் வகுப்புக்கு வருகிறான். பக்கத்து பெஞ்சில் உட்காருகிறான். வகுப்பு முடிந்ததும் ஊர் பஸ்ஸில் போகிறான், நான் நடந்து போகிறேன். ஒரே திசைதான்.

பட்டியலிலிருந்து சேசிஸ் எண்களை மட்டும் வேலை போவதற்கு முன்பே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சனிக்கிழமை சந்தை நாள். வெள்ளைத் தாள்களை நான்காகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் 'பிரேக்' என்றும், கீழே இரண்டு வரியும் எழுதிக்கொண்டு சந்தைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். அன்று பதினொரு ரோடாக்கள் நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, தகட்டின் மேல் படிந்த தூசியைத் துடைத்து, எண்ணை நோட்டோடு ஒப்பிட்டேன்.

கோழிக்கூண்டு தூக்கி வந்த ஒருவர் ஓடி வந்தார். "ஏம்மா, அபராதமா? இப்பத்தானே நிறுத்தினேன்."

"அபராதம் இல்ல. பிரேக்."

"பிரேக் நல்லாத்தான் பிடிக்குது."

"இன்னைக்குப் பிடிக்கும்" என்று சொல்லி, அவரை வண்டிக்கு அடியில் குனியவைத்துக் கிளிப்பைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். கூண்டைக் கீழே வைத்தார். சாவியை மறுபடி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதினொன்றில் நான்கு என் நோட்டில் இருந்தன. மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். நான்காவது வெள்ளை ரோடா, பின் இருக்கையில் குழந்தை உட்காரும் நாற்காலி. தாளை முன்கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகினேன். ஆனால் தூறல் ஆரம்பித்திருந்தது, எழுத்து கரையத் தொடங்கியது. தாளை எடுத்து மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

அங்கிருந்து பார்த்தால் மிளகாய் விற்கும் வரிசை தெரியும். எட்டு மேஜைகளில் ஏழில் ஆட்கள் இருந்தார்கள். எட்டாவது ராதோய்க்காவுடையது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். மருத்துவமனைக்கு இன்னும் போகவில்லை. என்ன சொல்வது என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், இரண்டு தடவையும் நயமாக வந்துவிட்டது.

மழை வலுத்தது. வண்டிக்காரர் வரும்வரை அங்கேயே நிற்பது என்று முடிவு செய்தேன்.